முகாம் முடிந்த பிறகு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



அடுத்த மாதம் ஒரு மருத்துவக் கல்லூரி நம் வளாகத்தில் இலவச முகாம் நடத்தப்போவதாகச் செயலாளர் சொன்னார். மகிழ்ச்சி. அது பற்றி ஒரு வேண்டுகோள் வைக்கத்தான் எழுந்தேன். அதற்கு முன் என் ஊர்க் கதை கொஞ்சம்.

நான் பிறந்து வளர்ந்தது ஓவேலி, எல்லமலைப் பக்கம். அப்பா தேயிலைத் தோட்டத் தொழிலாளி. ஒருமுறை எஸ்டேட்டுக்கு முகாம் வந்தது. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று சொல்லி, பத்து நாள் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்தது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. "சரியாயிடுச்சு" என்று விட்டுவிட்டார். முகாமுக்கு வந்தவர்கள் திரும்ப வரவே இல்லை. இரண்டு வருடம் கழித்துப் பக்கவாதம். கவாத்துக் கத்தி பிடித்த கை விழுந்துவிட்டது.

பக்கத்திலேயே கூடலூரில் வேறு விதமாக நடந்தது. 1980களின் இறுதியில் அக்கார்டு அமைப்பின் மருத்துவர்கள் ஆதிவாசி ஊர்களுக்குப் போனார்கள். அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே சுகாதாரப் பயிற்சி கொடுத்தார்கள். கர்ப்பிணி யார், தடுப்பூசி போடாத குழந்தை எது என்று அவர்கள் வீடு வீடாகப் பார்த்தார்கள். 1990இல் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை வந்தது. அஸ்வினி அமைப்பு நடத்தும் அந்த மருத்துவமனையில் பனியர், காட்டுநாயக்கர், குறும்பர் வீட்டுப் பெண்களே நர்சுகள் ஆனார்கள். அரிவாள் செல் ரத்தசோகை அந்தப் பகுதியில் உண்டு. அது ஒரு நாள் முகாமில் தீருகிற நோய் அல்ல. ஆயுள் முழுக்கக் கவனிக்க வேண்டியது.

2022 ஜனவரியில் ஊட்டி உட்பட தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அதே ஆண்டில் தேசிய மருத்துவ ஆணையம், மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக் காலத்தில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. திரும்பப் போவதுதான் வைத்தியம் என்பது பாடத்திட்டத்திலேயே வந்துவிட்டது.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று, முகாம் நமக்கு மட்டும் வேண்டாம். நமக்கு ரத்த அழுத்தம் பார்க்க லேப் இருக்கிறது, குடும்ப டாக்டர் இருக்கிறார். வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர்கள், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள் ஆகியோர் முதல் வரிசையில் நிற்கட்டும். அன்றைய சம்பளத்தை நாம் பிடிக்கக் கூடாது.

இரண்டு, சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். பெயர், போன் நம்பர், அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்பது போதும். நோய் விவரம் டாக்டருக்கும் அவருக்கும் மட்டும்.

மூன்று, அழுத்தமோ சர்க்கரையோ இருப்பவர்களை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சேர்க்க உதவுவோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்த அரசுத் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும்.

நோட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு என்னோடு உட்கார இரண்டு பேர் வந்தால் போதும்.