சிற்றுயிர் கற்பிக்கும் பேருண்மை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிழைப்பு நாடி வைட்ஃபீல்டுக்கு வந்த நாம், முதிர்ந்த பெற்றோரையும் ஊரிலிருந்து அழைத்து வந்து உடன் வைத்திருக்கிறோம். அவர்களுள் சிலருக்குக் கை நடுங்குகிறது, நடை தளர்கிறது. அதனை முன்வினைப் பயன் என்று கூறி, விருந்தினர் வந்தால் அவர்களை உள்ளறையில் மறைத்து வைக்கும் இல்லங்களும் உண்டு. அது குறித்தே பேச விழைகிறேன்.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈயின் மூளையிலோ ஏறத்தாழ 1,40,000 மட்டுமே. பெரிய ஜங்ஷனில் பழுதைத் தேடுவதினும் ஒற்றைப் பாதைச் சிறு நிலையத்தில் தேடுவது எளிதன்றோ? மேலும், ஈயின் ஆயுள் இரண்டு மூன்று மாதங்களே. ஆகவே அதன் முதுமையை அறிஞர் சில வாரங்களிலேயே கண்டுவிடலாம்.

நம் நாட்டில் இத்துறைக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் ஒபைத் சித்திகி. ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று, 1962-இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார். வெப்பம் கூடினால் முடங்கி, குளிர்ந்ததும் எழுந்து நடக்கும் ஈக்களைப் பற்றி அவரும் அமெரிக்க அறிஞர் சீமோர் பென்சரும் 1976-இல் எழுதினர். மரபணு பழுதுபட்டால் நரம்பின் வழியே சிக்னல் செல்வது தடைப்படும் என்பது புலனாயிற்று. பின்னர் சித்திகி நிறுவிய தேசிய உயிரியல் அறிவியல் மையம் இதே பெங்களூரில், பெல்லாரி சாலையில் இயங்கி வருகிறது.

மனிதரின் நோயையே ஈயிடம் காண இயலுமா? ஹார்வர்டு அறிஞர்களான ஃபீனியும் பெண்டரும் 2000-இல் விடை தந்தனர். பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய மனித மரபணுவை ஈக்களில் சேர்த்தனர். குப்பியைத் தட்டினால் விரைந்து மேலேறுவது ஈயின் இயல்பு. அந்த ஈக்களோ மற்றவற்றிற்கு முன்னதாகவே ஏறும் வலிமையை இழந்தன. மூளையில் சில நரம்பணுக்கள் மடிந்தன. நோயாளரின் மூளையில் காணப்படும் புரதத் திரள்களைப் போன்றவை அங்கும் தோன்றின.

ஈ எந்தப் பாவத்தைச் செய்தது? அதற்கு முன்வினை ஏது? புரதம் திரண்டது, நரம்பு நலிந்தது. அவ்வளவே!

ஈ மனிதனாகாது, ஈக்குப் பயன்பட்ட மருந்து நமக்கும் பயன்படும் என்று துணிதல் கூடாது. இந்நோயை வேரறுக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் நடுக்கத்தையும் இறுக்கத்தையும் தணிக்கும் மருந்துகள் உண்டு. நம் நகரிலேயே நிமான்ஸ் மருத்துவமனையும் உண்டு. காலந்தாழ்த்தாது பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் அவர்களை முன்வரிசையில் அமர்த்துங்கள்.