உறைகுளிரில் குருத்தணுக்கள்: புதிய பைகளைச் சோதித்தல்

புற்றுநோய்க்கு மிகுந்த அளவில் மருந்து செலுத்தும்போது நோயாளியின் எலும்பு மஜ்ஜையும் அழிகிறது. எனவே அவருடைய குருத்தணுக்களை முன்னரே சேகரித்து வைத்துப் பின்னர் அவருக்கே செலுத்துகின்றனர். இந்தியாவில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1983இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கிற்று.

சில நாட்கள் மட்டும் காக்க 4 டிகிரிக் குளிர்பதனம் போதும். மாதக்கணக்கில் காக்க உறையவைத்தலே வழி. உறையும் நீர் உயிரணுவைச் சிதைக்கும். டைமெதில் சல்ஃபாக்சைடு இதனைத் தடுக்கும் என்பதை 1959இல் லவ்லாக், பிஷப் ஆகியோர் காட்டினர். பொதுவாக 10 விழுக்காடு அளவில் இதனைச் சேர்த்து, நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம் குளிர்வித்து, திரவ நைட்ரஜனில் கழித்தல் 196 டிகிரியிலோ, அதன் ஆவியிலோ வைக்கின்றனர்.

இக்கடுங்குளிரில் பிளாஸ்டிக் பை எளிதில் நொறுங்கும் தன்மை அடைகிறது. பை விரிசல் கண்டால் அணுக்கள் வீணாகலாம், கிருமிகளும் புகலாம். இலண்டனில் ஒரே நைட்ரஜன் தொட்டியில் வைக்கப்பட்ட பைகளின் வழியே நோயாளிகளுக்கு மஞ்சட்காமாலை பி வைரஸ் பரவியது 1995இல் வெளிவந்தது. அதன்பின் இரட்டை உறையிடுதலும் ஆவியில் வைத்தலும் பெருகின.

ஆகவே புதிய பையைப் படிப்படியாகச் சோதிக்க வேண்டும். முதலில் உயிரணுக்கள் இல்லாத நீர்மத்தை நிரப்பி உறையவைத்து, 37 டிகிரி நீரில் உருக்கி, விரிசல், கசிவு, குழாயின் உறுதி, சீட்டின் ஒட்டுதிறன் ஆகியவற்றை நோக்க வேண்டும். அடுத்து, சிகிச்சைக்கு இனித் தேவைப்படாத, உரிய இசைவு பெற்ற உயிரணுக்களை இரு சம பங்குகளாக்கிப் பழைய பையிலும் புதிய பையிலும் ஒரே முறையில் உறையவைக்க வேண்டும். பையைத் தவிர வேறெதுவும் மாறலாகாது. உருக்கிய பின் உயிருள்ள அணுக்கள், சிடி34 அணுக்களின் எண்ணிக்கை, அணுக்கூட்டங்களாக வளரும் ஆற்றல், கிருமியின்மை ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். ஏற்பதற்குரிய அளவுகளைச் சோதனைக்கு முன்னரே எழுதி வைத்தல் இன்றியமையாதது. முடிவைக் கண்டபின் வகுக்கும் அளவு, அளவாகாது.

இறுதிச் சான்று நோயாளியின் உடலே. ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் 500ஐத் தாண்டித் தொடர்ந்து மூன்று நாட்கள் நிலைத்தால், அணுக்கள் வேரூன்றின எனக் கொள்வர். புதிய பையைப் பயன்படுத்தத் தொடங்கிய பின்னும் இக்கணக்கைத் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும்.

கொள்முதல் செய்யும் அலுவலர்கள் ஒன்றை நினைவிற்கொள்ளல் நலம். குறைந்த விலைப்புள்ளி மட்டும் தகுதியாகாது. சோதனைக்கான பைகளின் செலவும் காலமும் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும். மஜ்ஜை அழிந்த நோயாளிக்கு அப்பையில் உள்ளதே மீட்சி. அது உடைந்தபின் வேறு பை வாங்கலாம். வேறு அணுக்களை வாங்க இயலாது.