ஒழுக்கு எங்கிருந்து?

நேயர்களே, இலக்கியத்துக்கென்று ஒதுக்கிய நேரத்தில் ஒழுகுகிற சுடுநீர்த் தாங்கியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதற்கு எனக்குத் துணை விபுலாநந்த அடிகள்தான். 1892 இல் காரைதீவில் பிறந்த அவரை யாழ் நூல் தந்தவர் என்றே நாம் நினைக்கிறோம். அவர் விஞ்ஞானம் கற்று, விஞ்ஞானம் கற்பித்தவர் என்பதும், 1936 இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் என்பதும் நமக்கு அவ்வளவாக நினைவு வருவதில்லை. யந்திரங்களைப் பற்றித் தமிழில் பேச முடிய வேண்டும் என்று உழைத்தவரின் வாவிக்கரையிலே, குளியலறைச் சுவரில் தொங்கும் ஒரு யந்திரத்தைப் பற்றித் தமிழில் பேசுவது பிழையாகாது.

மட்டக்களப்பிலே சுடுநீர் எதற்கு என்று வெளியூர் நண்பர்கள் சிரிப்பார்கள். மாரியில் வாடைக்காற்று வாவியைத் தாண்டி வந்து வீட்டுக்குள் நுழையும் போது மூட்டுவாதக்காரரைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை பெற்ற வீட்டைக் கேட்டுப் பாருங்கள். நொச்சியும் பாவட்டையும் போட்டுக் கிடாரத்தில் கொதிக்க வைத்த தண்ணீரில் தாயைக் குளிப்பாட்டுவது எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் பொதுவான வழக்கம். கிழக்கிலே கன்னியாவிலும் மகாஓயாவிலும் நிலமே சுடுநீர் தருகிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விறகும் கிடாரமும்தான் இருந்தன. இப்போது கடல் கடந்த பிள்ளைகள் அனுப்பும் காசில் வெள்ளை உருளை ஒன்று குளியலறைக்கு வந்துவிட்டது. நாம் அதை ‘ஹீற்றர்’ என்கிறோம். கிடாரத்தைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும். இந்த உருளையைப் பற்றிச் சிவப்பு விளக்கு எரியும், அணையும் என்பதற்கு மேல் தெரியாது.

எங்கள் வீதியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். மகளின் பிரசவத்துக்காக மகன் அனுப்பிய பணத்தில் 50 லீற்றர் ஹீற்றர் ஒன்றைப் பூட்டினார். சில வருடங்கள் நன்றாக ஓடியது. இரண்டாவது பேரப்பிள்ளை பிறக்கும் நேரம் பார்த்து ஒழுகத் தொடங்கியது. யாரோ ஒரு இளைஞனைக் கூப்பிட்டு அடைப்பித்தார். மூன்று மாதத்தின் பின் மறுபடி ஒழுக்கு. இம்முறை வேறு இடத்தில். நான் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்.

“சேர், விடியப் பார்த்தா தரையெல்லாம் ஈரம். ட்ரிப் சுவிட்சும் அடிக்கடி விழுகுது. கரண்ட் ஆக்கள்ற பிழையோ தெரியல்ல.”

அது மின்சாரம் தருகிறவர்களின் பிழை அல்ல. உருளையின் அடிப்பக்கத்தில், வயர்கள் போகிற மூடிக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ட்ரிப் சுவிட்ச் தன் கடமையைச் செய்து அந்த வீட்டாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. விழுகிற சுவிட்சை மறுபடி மறுபடி தூக்கிவிட்டு, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேலே பார்த்தேன். குளிர்நீர் உள்ளே போகும் குழாயில் ஒரு பித்தளை வால்வு. அதன் பக்கத்தில் சிறு மூக்கு ஒன்று. அந்த மூக்கிலே வெள்ளை ரேப் சுற்றி இறுக்கமாக ஒரு அடைப்பு முடுக்கப்பட்டிருந்தது.

அந்த இளைஞனையும் பிறகு சந்தித்தேன். நல்ல பிள்ளை. “ஒழுகினது அதாலதான் சேர். அடைச்சிட்டன். மறுகா ஒரு சொட்டும் வரல்ல” என்றான். அவன் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த மூக்கு ஒழுகுவதற்கென்றே வைக்கப்பட்டது என்பதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தண்ணீர் சூடேறினால் பெருக்கும். நமது ஊர்க் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய 27 பாகை செல்சியஸ். அதை 60 பாகைக்குச் சூடாக்கினால் நூற்றுக்கு ஒன்றேகால் பங்குக்குச் சற்று மேலாகப் பெருக்கும். 50 லீற்றருக்கு அது முக்கால் லீற்றருக்குக் கொஞ்சம் குறைவு; ஏறக்குறைய ஒரு போத்தல். அந்தப் போத்தல் தண்ணீர் எங்கே போவது? அந்தப் பித்தளை வால்வு தண்ணீரை உள்ளே விடுமே தவிரத் திரும்பிப் போக விடாது. ஆகவே உள்ளே அழுத்தம் ஏறுகிறது. ஏழெட்டு வளிமண்டல அழுத்தம் வந்ததும் மூக்கு திறந்து சில துளிகளை வெளியே விடுகிறது. சூடேறும் போது சொட்டி, ஆறியதும் நிற்கிற ஒழுக்கு நோயல்ல; யந்திரம் மூச்சு விடுகிறது. அதன் கீழே ஒரு சிறு குழாயைப் பூட்டித் துவாரத்துக்கு வழிகாட்டிவிட்டால் போதும்.

அந்த மூக்கை அடைத்தால், அழுத்தம் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடும். ஆசிரியையின் வீட்டில் அது அடிமூடியின் ரப்பர் வளையமாக இருந்தது. அது அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். வெப்பநிலைநிறுத்தி, அதுதான் தேர்மோஸ்ராற், அது பழுதாகி நிறுத்தாமல் விட்டிருந்தால்? அழுத்தத்துக்குள் இருக்கும் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது. எட்டு வளிமண்டல மிகையழுத்தத்தில் 170 பாகையையும் கடந்துதான் கொதிக்கும். அந்த நிலையில் உருளை வெடித்துத் திறந்தால், உள்ளிருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி கணத்தில் ஆவியாகும். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியானால் 1600 லீற்றருக்கும் மேல் இடம் கேட்கும். பிரெஞ்சுக்காரரான டெனி பப்பின் 1681 இல் தமது ஆவிப்பாத்திரத்தைப் பற்றி எழுதிய போதே, அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் வால்வையும் சேர்த்து எழுதினார். பாத்திரமும் பாதுகாப்பும் ஒன்றாகவே பிறந்தவை என்க.

ஆகவே ஒழுக்கைக் கண்டதும் ‘எப்படி அடைப்பது’ என்று கேட்கக் கூடாது. ‘எங்கிருந்து’ என்று கேட்க வேண்டும். அதற்கு முன்னும் ஒன்று: ஹீற்றரின் மின்சாரத்தை மெயின் பெட்டியிலேயே நிறுத்துங்கள். ஈரக்கையோடு சுவர்ச் சுவிட்சைத் தொட வேண்டாம். பிறகு உள்வரும் தண்ணீரைப் பூட்டி, ஆற விடுங்கள். உருளையை நன்றாகத் துடைத்துவிட்டு, பழைய பத்திரிகைத் தாளைக் கிழித்து ஒவ்வொரு பொருத்துக்குக் கீழும் ஒட்டி வையுங்கள். தண்ணீரை மட்டும் திறந்து பாருங்கள். எந்தத் தாள் முதலில் நனைகிறதோ அங்கேதான் பிழை. தண்ணீர் உருளையின் வளைவில் ஓடி அடியில் சொட்டும். சொட்டுகிற இடத்தை ஒழுகுகிற இடமென்று நினைத்து ஏமாறுகிறவர் பலர்.

குளிர்நாட்டுக் கைந்நூல்கள் வெளியே பூத்த பனிநீரை ஒழுக்கென்று நினைக்காதீர் என்று முதலில் எச்சரிக்கும். நமது வெதுவெதுப்பான தண்ணீரில் அதற்கு இடம் குறைவு. அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். மேலே வரும் குழாய்ப் பொருத்துகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால், வோசரையோ வளையும் குழாயையோ மாற்றினால் தீரும். பித்தளை மூக்கு ஆறிய பிறகும் ஓயாமல் சொட்டினால் வால்வில் மணல் சிக்கியிருக்கலாம். அதன் சிறு நெம்பை இரண்டொரு தடவை தூக்கிவிட்டுப் பாருங்கள். நிற்காவிட்டால் புதிது வாங்குங்கள். விலை குறைந்த பொருள்தான். கூரைத்தாங்கியிலிருந்து வரும் தண்ணீரின் அழுத்தத்தில் குற்றம் காண வேண்டாம். ஐந்து மீற்றர் உயரம் தருவது அரை வளிமண்டல அழுத்தமே. ஆனால் அந்த மூக்கிலிருந்து சொட்டாக அல்லாமல் கொதிநீரும் ஆவியும் பீறிட்டால் வேறு கதை: மெயினை நிறுத்திவிட்டுத் தள்ளி நில்லுங்கள். வெப்பநிலைநிறுத்தி கைவிட்டுவிட்டது. அடிமூடியில் நீர் வந்தால், தொழில் தெரிந்தவர் வரும்வரை மின்சாரம் கொடுக்கவே வேண்டாம்.

இவை எல்லாம் காய்ந்திருக்க, உருளையின் தோலுக்கும் உட்பாத்திரத்துக்கும் இடையிலிருந்து துருநீர் கசிகிறதா? அதற்கு மருந்து இல்லை. ஒட்டுப்பசையும் நில்லாது. வெல்டிங் வைத்தால் உள்ளே பூசிய கண்ணாடிப் பூச்சு கருகி, இன்னும் விரைவாக அரிக்கும்.

இங்கே நமது மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே நாம் வாழும் நிலம் மணல் திட்டு. அதற்குள் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கணக்கின்படி கீழே நாற்பது மீற்றர் நன்னீர் நிற்கும். மோட்டார் போட்டு மேலே ஒரு முழம் இறக்கினால் கீழே உப்பு பல முழம் ஏறும். 2004 டிசம்பர் 26 இல் கடல் கிணறுகளுக்குள் வந்த பிறகு, கிணற்றைச் சுத்தம் செய்கிறோம் என்று மிகையாக இறைத்த இடங்களில் உப்பு இன்னும் கூடிய கதையும் நமக்குத் தெரியும். துலாவால் அள்ளிய காலத்தில் கிணறு இப்படிக் கோபிக்கவில்லை.

அந்தத் தண்ணீரைத்தான் ஹீற்றரும் குடிக்கிறது. சூட்டில் கல்சியம் காபனேற்று கல்லாகப் படிந்து எலிமென்றை மூடுகிறது. உப்பின் குளோரைட்டு இரும்பைத் தின்கிறது. உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வரும் வீட்டின் ஹீற்றரும், கடற்கரைக் கிணற்று நீர் ஏற்றும் வீட்டின் ஹீற்றரும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவையானாலும் ஒரே வயதுடையவை அல்ல. வருடத்தை எண்ணி ‘பழசாகிவிட்டது’ என்பவர்கள் தண்ணீரை எண்ணுவதில்லை.

ஆசிரியையின் ஹீற்றரைக் கழற்றிய போது உள்ளே இருந்து ஒரு கம்பி வந்தது. ஈர்க்கிலளவு மெலிந்து, அங்கங்கே சுண்ணாம்புக் கட்டியைச் சுமந்த கம்பி. “இது என்ன சேர், உடைஞ்ச எலிமென்றோ?” என்று கேட்டார். அது ஒரு காலத்தில் விரல் தடிப்புள்ள மகனீசியக் கோலாக இருந்தது. சாதாரண தரப் பிள்ளைகள் இரசாயனத்தில் ‘கதோட்டுப் பாதுகாப்பு’ என்று மனனம் செய்கிறார்களே, அது இதுதான். இரும்பை விடத் தாக்கம் கூடிய உலோகத்தை இரும்போடு தொடுத்துத் தண்ணீரில் வைத்தால், அரிப்பு முதலில் அந்த உலோகத்தின் மேல் இறங்கும்; கண்ணாடிப் பூச்சில் ஊசித்துளை இருந்தாலும் இரும்பு தப்பும். கோல் முடிந்த நாளிலிருந்து பாத்திரம் அரிபடத் தொடங்கும்.

ஹம்ப்ரி டேவி 1824 இல் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க நாகத்தையும் இரும்பையும் தொடுத்துப் பார்த்தார். செம்பு கரையாமல் நின்றது. கரையாத செம்பில் நஞ்சு இல்லாததால் சிப்பியும் பாசியும் தாராளமாகக் குடியேறி, கப்பல்கள் வேகம் குறைந்தன! கடற்படை அதைக் கைவிட்டது. தத்துவம் மட்டும் நிலைத்தது. நமது தோணிக்காரர்கள் அதை ஏட்டில் படிக்கவில்லை. ஆனால் வெளியிணைப்பு இயந்திரத்தில் பூட்டியிருக்கும் நாகக் கட்டி தேய்ந்துவிட்டதா என்று பார்த்து மாற்றுகிறார்கள். ஹீற்றருக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கிறது என்று சொன்னால் அவர்களே வியக்கிறார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

கிணற்று நீர் என்றால் வருடத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். உவர்ப்பு நாக்கில் தெரிகிற நீரென்றால் ஆறு மாதம். பாதிக்கு மேல் கரைந்திருந்தாலோ, நடுக்கம்பி வெளியே தெரிந்தாலோ மாற்ற வேண்டும். மூடியைத் திறந்த கையோடு அடியில் சேர்ந்த சுண்ணாம்பையும் அள்ளி எறிந்துவிடலாம். ரப்பர் வளையத்தைப் பழையதையே திரும்பப் போட வேண்டாம். எல்லாம் பூட்டிய பின், முதலில் தண்ணீரை நிரப்புங்கள். சுடுநீர்க் குழாயைத் திறந்து, காற்றெல்லாம் போய்த் தண்ணீர் ஒழுங்காக வரும்வரை மின்சாரம் கொடுக்கக் கூடாது. வெறும் பாத்திரத்தில் எலிமென்ற் சில நிமிடங்களில் கருகிவிடும்.

ஆசிரியையின் வீட்டில் புதிய வால்வு, புதிய வளையம், புதிய கோல் மூன்றையும் அந்த இளைஞனைக் கொண்டே பூட்டுவித்தோம். உட்பாத்திரம் தப்பியிருந்தது. வால்வின் மூக்குக்கு ஒரு சிறு பிளாஸ்ரிக் குழாய் போட்டு நிலத்துவாரம் வரை இறக்கினான். உருளையின் பக்கத்தில் திகதியை மையால் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு, “இந்த ரவுணுக்குள்ள நான் அடைச்சது இன்னும் நாலு வீடு இருக்கு சேர்” என்றான். அன்று பின்னேரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.