வேலைத்தலமும் சட்டத்தின் நாட்காட்டியும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டுக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சட்டம் பற்றிப் பேச வைத்தியர்களுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். தீராத தலையிடி, நித்திரையின்மை, நெஞ்சுப் படபடப்பு என்று எங்களிடம் வரும் பெண்கள் சிலருக்கு இரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இராது. "வேலை எப்படிப் போகிறது?" என்று கேட்டால்தான் கண் கலங்கும். மேலதிகாரியின் ஆபாசப் பேச்சு, கர்ப்பம் என்று தெரிந்ததும் மாறிய முகம், முறைப்பாடு செய்த பின் வந்த இடமாற்றம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை. ஆனால் அவர்கள் வாய் திறக்கும்போது பெரும்பாலும் பல மாதங்கள் கடந்திருக்கும். பொறுத்துப் போவதே பெண்ணுக்கு அழகு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சட்டமோ நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. ஆகையால் எந்த உரிமைக்கு எத்தனை நாள் அவகாசம் என்பதை இன்று சொல்ல விரும்புகிறோம்.

முதலில் பாலியல் தொந்தரவு. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபோது, சொல்லாலோ செயலாலோ செய்யப்படும் பாலியல் தொந்தரவும் குற்றமாயிற்று. தொட்டால்தான் குற்றம் என்பதில்லை. அதிகாரத்தில் உள்ள ஒருவர் வேலைத்தலத்தில் விரும்பத்தகாத முறையில் அணுகுவதை அப்பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. ஐந்து ஆண்டுகள் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்தில் முறைப்பாடு செய்யலாம்.

அடுத்தது தாய்மை. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. முன்பு மூன்றாவது பிள்ளைக்கு லீவு பாதியாகக் குறைந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாட்கள். கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோருக்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் அவ்வாறே வழங்குகிறது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்க முடியாது. கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவோர் வேலைக்குத் திரும்பிய பின், பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை பெறலாம். இதை அறியாமல் பால் கட்டிக் காய்ச்சலோடு வரும் தாய்மாரைக் காணும்போது மனம் நோகிறது.

மூன்றாவது பாரபட்சம். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறப்பிடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அரச நிர்வாகத்தால் இந்த உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. இது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தந்த வசதி. பதவி உயர்வு மறுக்கப்பட்ட ஆசிரியையோ தாதியோ "அடுத்த முறை பார்ப்போம்" என்று காத்திருந்தால் அந்தக் கதவு மூடிவிடும்.

தனியார் துறையில் வேலை நீக்கப்பட்டவர் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். அவகாசம் ஆறு மாதம். சட்டத்தரணி இல்லாமலும் விண்ணப்பிக்க முடியும். மீண்டும் வேலையில் அமர்த்தவோ நட்டஈடு வழங்கவோ சபை கட்டளையிடலாம். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனமானால், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஊழியரை நிறுத்துவதற்கு அவரது எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். எனவேதான் சிலர், "நீங்களாகவே விலகுவதாக எழுதித் தாருங்கள், நல்ல சான்றிதழ் தருகிறோம்" என்று கேட்கிறார்கள். தங்கைமாரே, அந்தக் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையொப்பம் வைக்காதீர்கள். வைத்த பின் அது கட்டாயத்தின் பேரில் வைத்தது என்று நிரூபிப்பது மிகவும் கடினம்.

முறையிட்டால் பழிவாங்குவார்களே என்ற பயம் நியாயமானது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவரையோ சாட்சியையோ மிரட்டுவதும் பழிவாங்குவதும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். நியாய சபையிலோ அதிகாரியிடமோ நல்லெண்ணத்துடன் சொன்ன வாக்குமூலத்துக்காக ஊழியரை நீக்குவதைக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தம் தடுக்கிறது. ஆனாலும் இந்த வேலியில் பொட்டுகள் உண்டு. அடிப்படை உரிமை வழக்கு தனியார் முதலாளிக்கு எதிராக எளிதில் எட்டாது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது, வேலையே கொடுக்காமல் மூலையில் இருத்துவது போன்ற பழிவாங்கலை நிரூபிப்பது இலகுவல்ல.

இதற்குக் கைமருந்து எழுத்துத்தான். நடந்த நாள், நேரம், சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர் ஆகியவற்றை அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அரச நிறுவனமானால், முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். வைத்தியரிடம் போனால் உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். எங்கள் குறிப்பில் திகதியோடு பதிவாகும் அந்த ஒரு வரி பின்னர் உங்களுக்குத் துணை நிற்கலாம். பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இந்த மண்டபத்தில் இருக்கும் நம்மில் பலர் இன்று அதிபர்கள், முகாமையாளர்கள், திணைக்களத் தலைவிகள், கடை உரிமையாளர்கள். முறைப்பாட்டுக் கடிதம் நம் மேசைக்குத்தான் வருகிறது. "ஏன் பிள்ளை பிரச்சினையைப் பெரிதாக்குகிறாய், உன் பெயர்தானே கெடும்" என்று அன்பாகச் சொல்லி அனுப்புவதும் அவளுடைய ஒரு மாதத்தைப் பறிப்பதே. முறையிட்டவளை இடம் மாற்றி, முறையிடப்பட்டவரை அங்கேயே வைத்திருப்பதும் பழிவாங்கலே. சட்டம் வற்புறுத்தும் வரை காத்திராமல், நம் ஒவ்வொருவரின் நிறுவனத்திலும் முறைப்பாடுகளை விசாரிக்கப் பெண்களும் உள்ள ஒரு சிறு குழுவை அமைப்போம்.

நம் சங்கத்தில் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், தொழில் திணைக்களத்தில் பணியாற்றியவர்கள் இருக்கிறார்கள், வைத்தியர்களாகிய நாங்களும் இருக்கிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பாடசாலையிலேயே கூடி, வேலைத்தலத்தில் இடர்ப்படும் இளையவர்களுக்கு ஆலோசனை சொல்ல முடியாதா? நூற்றாண்டுக்கு ஒரு கட்டடம் எழுப்புகிறோம். அதில் ஓர் அறையை இதற்கென ஒதுக்கித் தருமாறு சங்கத்தைப் பணிவாகக் கேட்டு விடைபெறுகிறோம்.