இடைகழியும் மின்விளக்கும்



கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூர் தமிழுக்கு ஓர் அரிய காட்சியைத் தந்த ஊர். மழை இரவு, இருண்ட இடைகழி. பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்ததும் இருவரும் அமர்ந்தனர். பேயாழ்வார் வந்ததும் மூவரும் நின்றனர். இடம் வளரவில்லை, இருந்தவர்கள் தம்மைச் சுருக்கிக் கொண்டனர். அவ்விருளில்தான் முதல் மூன்று திருவந்தாதிகளும் பிறந்தன என்பது வைணவ மரபு.

மின்சாரச் சிக்கனத்தின் அறமும் இதுவே. அனல் மின் நிலையங்களில் எரியும் நிலக்கரி கரியமில வாயுவாய் எழுந்து புவியைச் சூடாக்குகிறது. அதனால் பருவமழை பிறழுமாயின், கல்வராயன் மலை மழையை நம்பியிருக்கும் கோமுகி அணையும், அதன் கீழுள்ள கழனிகளும் வாடும்.

ஒருவர் விளக்கணைப்பதால் என்ன விளையும் என்று கேட்கலாம். நூறு வாட் மின்சுமையை நாளும் ஐந்து மணி நேரம் நிறுத்தினால் மிஞ்சுவது அரை யூனிட்டே. ஆயிரம் வீடுகள் ஓராண்டு அவ்வாறு செய்தால் 1,82,500 யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு எனக் கொண்டால், தவிர்க்கப்படுவது சுமார் 128 டன்! தனியொருவரின் துளி ஊராரின் வெள்ளமாகிறது.

2007 மார்ச் 31 அன்று சிட்னி நகரத்தார் ஒரு மணி நேரம் விளக்கணைத்துப் 'புவி நேரம்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். அஃது ஓர் அடையாளம். அன்றாடச் செயலுக்குச் சான்று தமிழகத்திலேயே உண்டு. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, ஏறிவந்த மின்கட்டணத்தைக் கண்டு சோர்ந்துவிடவில்லை. மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுத்துக் குடிநீர் இறைத்தது. 2006இல் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொண்டு 350 கிலோவாட் காற்றாலையை நிறுவியது. ஊர் கூடித் தேர் இழுத்தது.

எனினும், சிக்கனம் யாருக்கு என்பதே தலையாய வினா. 2012இல் தமிழகத்தில் மின்வெட்டு வாட்டியபோது, சென்னைக்கு இரண்டு மணி நேரம். பிற மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். அன்று இருள் பகிரப்படவில்லை, எளியோர்மேல் சுமத்தப்பட்டது. 1976இல்தான் ஜாகீர் ஆளுகையிலிருந்து விடுபட்டது கல்வராயன் மலை. ஒற்றை விளக்கில் படிக்கும் மலைக் குழந்தையிடம் அதையும் அணைக்கச் சொல்வது அறமன்று. குளிரூட்டிய அறைகளும் இரவெல்லாம் ஒளிரும் விளம்பரப் பலகைகளுமே முதலில் சுருங்க வேண்டும். படுத்திருப்பவர் எழுந்து அமர்ந்தால்தானே வந்தவருக்கு இடம்!

இலக்கிய வட்டங்கள் இதைத் தொடங்கலாம். பத்துக் குடும்பங்கள் தத்தம் மின்கணக்கீட்டு அட்டைகளைக் கூட்டத்தில் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மிகுதியாய்ச் செலவிடுபவர் முதலில் குறைக்கட்டும். கவிஞர்கள் ஒளியைப் பாடும்போது, அவ்வொளிக்காக எங்கோ எரியும் கரியையும் நினைக்கட்டும்.