கதிரையே மருந்து

 

அல் குசைஸில் எங்கள் வீடு நாலாம் மாடி. ஒருமுறை லிப்ட் பழுதாகிவிட, ஒரு கிழமை நான் கீழே இறங்கவேயில்லை. "முழங்கால் தேய்ஞ்சு போச்சு, இனி அசைக்கக்கூடாது" என்று இருந்துவிட்டேன். பிள்ளைகளும் பாசத்தில், "நீங்கள் இருங்கோ அம்மா, நாங்கள் செய்யிறம்" என்றார்கள். அதுதான் பிழை.

மூட்டைத் தாங்குவது தொடைத் தசை. அசையாமல் இருந்தால் தசை மெலியும், பாரம் மூட்டில் விழும், நோ கூடும்.

பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்தது இதுதான்: கதிரையில் இருந்து ஒரு காலை நீட்டி, ஐந்து எண்ணி இறக்குங்கள். பிறகு கை ஊன்றாமல் எழும்பி இருங்கள். முடிந்த அளவில் தொடங்கி, மெல்ல மெல்லப் பத்துத் தரமாக்குங்கள். முதலில் கொஞ்சம் நோகும், பயப்பட வேண்டாம். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ நாலு கிலோ பாரம் குறையும்.

நோக்குளிசையை வைத்தியரைக் கேளாமல் மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். வயிறும் சிறுநீரகமும் பழுதாகக்கூடும். முதலில் பூசும் மருந்தைப் பற்றிக் கேளுங்கள். குளுக்கோசமினுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். இங்கிலாந்தின் 2022ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி அதைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. மூட்டு திடீரென்று சூடாகி வீங்கினால், காய்ச்சலும் வந்தால், உடனே வைத்தியரிடம் போங்கள்.

சத்திரசிகிச்சை கூடாது என்று நான் சொல்லவில்லை. அது கடைசிப் படி. முதற்படி உங்கள் வீட்டுக் கதிரை.

இப்போது பின்னேரத்தில் பூங்காவைச் சுற்றி நடக்கிறேன். வெயில் காலத்தில் வீட்டுக்குள்ளே நடக்கிறேன். பிள்ளைகளே, அம்மாவை இருத்தி வைக்காதேங்கோ. கையைப் பிடிச்சு நடக்கக் கூட்டிக்கொண்டு போங்கோ.