ஓய்வுநேர இணையத்தளமும் அதற்கேற்ற கருவிகளும்

பகலில் அலுவலகக் கடமையை முடித்துவிட்டு, இரவில் தமக்கென ஓர் இணையத்தளத்தை அமைக்க முற்படுவோர் இன்று பலர். எந்த மொழியில் எழுதுவது, எந்தத் தரவுத்தளத்தைக் கொள்வது என்னும் ஆராய்ச்சியிலேயே அவர்களிற் சிலருக்கு மாதங்கள் கழிந்துவிடுகின்றன. வீடு கட்டப் புறப்பட்டவர், கல்லும் சீமெந்தும் விலை விசாரித்துக்கொண்டிருக்கையிலே மாரி தொடங்கிவிட்ட கதைதான் அது.

உலாவியிலே தோன்றும் முகப்பு, கேட்டதற்கு விடை ஆக்கித் தரும் செய்நிரல், தகவலைக் காத்துவைக்கும் தரவுத்தளம், இவற்றைத் தாங்கும் கணினி ஆகியவற்றைச் சேர்த்தே தொழில்நுட்ப அடுக்கு என்பர். முகப்புக்கு எச்.ரி.எம்.எல்., சி.எஸ்.எஸ். என்பவற்றைத் தவிர்க்க இயலாது. வாதமெல்லாம் ஏனையவற்றைப் பற்றியதே.

1994 ஆம் ஆண்டில் றஸ்மஸ் லேர்டோர்வ் என்பவர், தமது சுயவிபரப் பக்கத்தை யார் பார்க்கிறார்கள் என அறிவதற்காகச் சில சிறு செய்நிரல்களை எழுதினார். 1995 இல் அவற்றைப் பிறருக்கும் வழங்கினார். பி.எச்.பி. மொழியின் பிறப்பு அதுவே. அதன் ஒழுங்கீனத்தை வல்லுநர் பலர் இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சியிற் பாதி நியாயமானதுங்கூட. ஆயினும் 2004 இல் ஹாவார்ட் மாணவ விடுதியிலே தோன்றிய பேஸ்புக் அம்மொழியிலேயே எழுதப்பட்டது.

இதனினும் சிந்திக்கத்தக்கது விக்கிப்பீடியாவின் வரலாறு. 2001 ஜனவரியில் அது தொடங்கியபோது அதற்குத் தரவுத்தளமே இருக்கவில்லை. பேர்ள் மொழியில் அமைந்த யூஸ்மொட்விக்கி என்னும் செய்நிரல், பக்கங்களைச் சாதாரணக் கோப்புகளாகவே வைத்திருந்தது. கட்டுரைகள் பெருகின, கோப்புமுறை தாக்குப்பிடிக்கவில்லை. 2002 ஜனவரியில், மாக்னஸ் மான்ஸ்கே என்ற ஜேர்மனிய மாணவர் பி.எச்.பி.யில் எழுதிய புதிய செய்நிரலுக்குத் தளம் மாறியது. தரவுகள் மை எஸ்.கியூ.எல். தரவுத்தளத்திற் குடியேறின. அதுவும் போதாமல், அவ்வாண்டிலேயே லீ டானியல் குரோக்கர் அதனை மீண்டும் எழுதவேண்டியதாயிற்று. ஆக, இரண்டாண்டு நிறையுமுன் அடித்தளம் இருமுறை பெயர்த்து வைக்கப்பட்டது. அதனாற் கலைக்களஞ்சியம் அழிந்துபோகவில்லை. ஆனால் 2001 ஆம் ஆண்டின் திருத்த வரலாற்றில் ஒரு பகுதி காணாமற் போயிற்று. 2010 இலேதான் பழைய சேமிப்பொன்றிலிருந்து அது மீண்டும் கிடைத்தது. செய்நிரலைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம். தொலைந்த தரவை எவர் எழுதித் தருவார்?

ஆகவே, தனியொருவர் தமக்குக் கைவந்த மொழியையே கொள்ளுதல் நன்று. புதியதொன்றைக் கற்பதே நோக்கமாயின், அடுக்கில் ஒரு படையை மட்டும் புதிதாக்கலாம். எல்லாவற்றையும் ஒருங்கே புதிதாக்கினால், பிழை எப்படையிலுள்ளது என்று தேடுவதிலேயே இரவு விடிந்துவிடும்.

தரவுத்தளத்துக்கு எஸ்.கியூ.லைற் பெரும்பாலும் போதும். றிச்சர்ட் ஹிப் என்பவர் 2000 ஆம் ஆண்டில் ஆக்கிய இது, தனி வழங்கி எதனையும் வேண்டாது, எல்லாத் தரவையும் ஒரே கோப்பில் அடக்கிவிடுகிறது. நாளொன்றுக்கு 1,00,000 வருகைக்குட்பட்ட தளத்துக்கு இது போதுமென அதன் ஆக்கியோரே கூறுகின்றனர். ஒரு நேரத்தில் ஒருவரே எழுதலாம் என்பது அதன் எல்லை. சனசமூக நிலைய நூற்பட்டியலுக்கு அது ஒரு குறையன்று. ஆனால், எழுத்து நடைபெறும் வேளையில் அக்கோப்பை வெறுமனே பிரதி செய்தால் பழுதுபட்ட பிரதியே மிஞ்சக்கூடும். காப்புப் பிரதிக்கென அதிலேயே ஒரு கட்டளை உண்டு. அதனைக் கொண்டு நாள்தோறும் ஒரு பிரதியை எடுத்து, வேறொரு கணினியில் வைத்தல் வேண்டும்.